பசிலிஸ்க்கை வீழ்த்துதல்: வாளை உருவுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

‘தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்’ விளையாட்டில் கொடுவிலங்கு வேட்டைக்காரன் கெரால்ட்டாக ஆடத் தொடங்கிய எவரும், கூரிய நகங்களும் கொத்தும் அலகும் இறக்கையும் வாலும் கொண்ட பசிலிஸ்க்கிடம் ஒருமுறையாவது தோற்றிருப்பார்கள். திருகோணமலை பாலையூற்றில் அண்ணரின் வீட்டு முன்னறையில் ஒரு பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த என் பெறாமகனும் அவனுடைய சிநேகிதர் மூவரும் மாறி மாறி அதில் ஆடியதைப் பல பின்னேரங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்திருக்கிறேன். நால்வரும் வெவ்வேறு விதமாக ஆடுபவர்கள். ஆனால், நால்வரும் விழுந்த இடம் ஒன்றுதான். கை வேகம் போதாததால் அவர்கள் தோற்கவில்லை. செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததால் தோற்றார்கள். எனவே, கீழே உள்ள படிகளை அதே வரிசையில் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பட்டன்களைக் குறிப்பிடும் இடங்களில் பிளேஸ்டேஷன் கொன்ட்ரோலரையே கருதி எழுதியுள்ளேன். இந்த விளையாட்டுக்குத் தமிழ் எழுத்துகள் இல்லையாதலால், திரையில் ஆங்கிலத்தில் தோன்றும் சொற்களை அதே ஒலியில் தந்துள்ளேன்.

1. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது தேவை, பழுதில்லாத வெள்ளி வாள். கெரால்ட் முதுகில் இரண்டு வாள்களைச் சுமக்கிறான்; உருக்கு வாள் மனிதருக்கும் சாதாரண விலங்குகளுக்கும், வெள்ளி வாள் கொடுவிலங்குகளுக்கும் உரியது. எதிரியைக் கண்டதும் விளையாட்டே பொருத்தமான வாளை உருவிக்கொள்ளும் என்பதால், இதைப் பற்றிப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. அதன் விளைவாக, கிடைக்கும் காசையெல்லாம் உருக்கு வாளுக்குச் செலவழித்துவிட்டு, தொடக்கத்தில் கிடைத்த வெள்ளி வாளோடு பசிலிஸ்க்கிடம் போய் நிற்கிறார்கள். ஆடும்போது மனிதரோடு மோதுவதும் அடிக்கடி நேர்வதால் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை.

வாள் பாவிக்கப் பாவிக்கத் தேய்ந்து தாக்குதல் குறையும். ஊரில் உள்ள கொல்லரிடம் திருத்திக்கொள்ளுங்கள். பட்டறைக்கு அருகே சாணைக்கல் இருந்தால் அதில் ஒருமுறை தீட்டிக்கொள்ளுங்கள். தீட்டிய கூர்மை குறிப்பிட்ட நேரமே நிற்கும் என்பதால், தீட்டிவிட்டு வேறு வேலைகளுக்கு அலைய வேண்டாம்.

இரண்டாவது தேவை, குறுக்குவில். இது வெள்ளைப் பழத்தோட்டம் எனப்படும் முதற்பகுதியில், கிரிஃபின் என்னும் பறக்கும் கொடுவிலங்கை வேட்டையாடும்போது கெரால்ட்டின் ஆசான் வெசெமிர் தருவது. பெரும்பாலானோர் அதைப் பெற்றதும் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அதன் அம்பு எதையும் பெரிதாகக் காயப்படுத்துவதில்லை. காயப்படுத்துவது அதன் வேலையும் அல்ல. அது ஏன் வேண்டும் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

மூன்றாவதாக, ‘ஸ்ட்ரோங் அல்கஹோல்’ வகையைச் சேர்ந்த மதுப்புட்டிகள் இரண்டோ மூன்றோ பையில் இருக்கட்டும். இவற்றை விற்றுவிடாதீர்கள், குடித்தும் விடாதீர்கள்.

மிருகத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மண்டையோடு தெரிந்தால், உங்கள் நிலை (லெவல்) அதற்கு மிகவும் கீழே இருக்கிறது என்று பொருள். அப்போது திரும்பி வந்துவிடுங்கள்.

2. எதிரில் நிற்பது எது என்பதை வாசித்தறிதல்

விளையாட்டின் மெனுவில் ‘பெஸ்டியரி’ என்றொரு பகுதி இருக்கிறது. அதை மிருகக் குறிப்பேடு என்று வைத்துக்கொள்வோம். பசிலிஸ்க்கின் பக்கத்தைத் திறந்தால் நீண்ட விவரணமும், அதனோடு ‘சசெப்டிபிலிட்டி’ என்ற தலைப்பில் சில சின்னங்களும் காணப்படும். அந்த மிருகத்தை எவை எளிதாகத் தாக்கும் என்பதையே அச்சின்னங்கள் சொல்கின்றன. ஆங்கிலத்தில் நீண்ட விவரணத்தை வாசிக்கச் சலிப்பாக இருந்தால் அதை விட்டுவிடலாம். சின்னங்களைப் பார்க்காமல் மட்டும் புறப்பட வேண்டாம்.

பசிலிஸ்க்குக்கு அங்கே காட்டப்படுவன நான்கு: டிரக்கோனிட் எண்ணெய், கிரேப்ஷொட் குண்டு, கோல்டன் ஓரியோல் மருந்து, ஆர்ட் என்னும் மந்திரக்குறி.

இங்கே நால்வரில் இருவர் ஒரே பிழையை விட்டார்கள். முதற்பகுதியில் கொன்ற கிரிஃபினும் பறக்கும், இதுவும் பறக்கும். ஆகவே இரண்டுக்கும் ஒரே எண்ணெய் போதும் என்று நினைத்து ஹைபிரிட் எண்ணெயைப் பூசிக்கொண்டு போனார்கள். கிரிஃபின் ஹைபிரிட் வகுப்பைச் சேர்ந்தது. பசிலிஸ்க் டிரக்கோனிட் வகுப்பைச் சேர்ந்தது. வகுப்பு மாறினால் எண்ணெயால் ஒரு துளிப் பயனும் இல்லை. வைவர்ன், ஃபோர்க்டெயில், கொக்கட்ரிஸ் ஆகியவையும் டிரக்கோனிட்டுகளே என்பதால், இந்த ஒரு எண்ணெயைச் செய்து வைத்திருப்பவருக்கு அவை எல்லாவற்றுக்கும் அதுவே உதவும்.

குறிப்பேட்டில் இன்னொரு பயனுள்ள செய்தியும் உண்டு. பசிலிஸ்க்கின் பார்வை பட்டால் மனிதர் கல்லாகிவிடுவர் என்று விளையாட்டில் வரும் ஊரார் நம்புகிறார்கள். அது உண்மையல்ல என்று குறிப்பேடு தெளிவாகவே சொல்கிறது. என் பெறாமகன் இதை வாசிக்காமல், அதன் முகத்தை நேரே பார்க்காதபடி கமெராவைத் திருப்பித் திருப்பி ஆடினான். முகத்தைப் பார்க்காதவனுக்கு அது கொத்த வருவதும் தெரியாது. தாராளமாகப் பாருங்கள், உங்களைக் கொல்லக்கூடியவை அதன் நகமும் பல்லும் நஞ்சுமே.

3. எண்ணெயும் மருந்தும் குண்டும் செய்துகொள்ளுதல்

இவை எதையும் செய்வதற்கு முதலில் அதற்குரிய செய்முறை உங்களிடம் இருக்க வேண்டும். மூலிகை விற்பவர்களிடம் வாங்கலாம், பெட்டிகளிலும் கிடைக்கும். செய்முறை கிடைத்ததும் ‘அல்கெமி’ பக்கத்தில் அதைத் தெரிவுசெய்தால், எந்தப் பொருள் இருக்கிறது, எது இல்லை என்பது தெரியும்.

புதியவர்களுக்கு நான் இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியிருப்பது இதுதான்: எதையும் ஒருமுறை செய்தால் போதும். மருந்தும் குண்டும் தீர்ந்தபின் மீண்டும் மூலிகை பறிக்கத் தேவையில்லை; அடுத்த படியில் சொல்லும் தியானம் அவற்றை நிரப்பிவிடும். எண்ணெயோ தீர்வதே இல்லை. வாளில் பூசியது தேய்ந்தால், காசில்லாமல் திரும்பப் பூசிக்கொள்ளலாம். ‘தீர்ந்துவிடும்’ என்ற பயத்தில் மருந்தைப் பொத்திப் பொத்தி வைத்து, குடிக்காமலே செத்தவர்களை இந்த முன்னறையில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது டிரக்கோனிட் எண்ணெய். சாதாரண வகை தாக்குதலை 10% கூட்டி 20 அடிகளுக்கு நிற்கும். மேம்பட்ட வகை 25% கூட்டி 40 அடிகளுக்கு நிற்கும். உயர் வகை 50% கூட்டி 60 அடிகளுக்கு நிற்கும். மேம்பட்ட வகையைச் செய்யச் சாதாரண வகை கையில் இருக்க வேண்டும் என்பதால், பழையது என்று அதை விற்றுவிடக் கூடாது.

அடுத்தது ஸ்வொலோ. ட்வார்வன் ஸ்பிரிட் என்னும் மது ஒன்று, டிரவுனர் என்னும் நீர்க்கொடுவிலங்கின் மூளை ஒன்று, ஐந்து செலண்டைன் பூண்டு ஆகியவற்றால் ஆவது. காயத்தைச் சிறிது சிறிதாக ஆற்றும். சிறிது சிறிதாக என்பதைக் கவனியுங்கள். உயிர்க்கோடு அடிமட்டத்துக்கு வந்தபின் குடித்தால், அது ஆற்றி முடிப்பதற்குள் அடுத்த கொத்து விழுந்துவிடும். பாதி இறங்கியதுமே குடிக்க வேண்டிய மருந்து அது.

கோல்டன் ஓரியோல் நஞ்சைத் தடுக்கும். கிரேப்ஷொட் வெடித்துச் சில்லுகளாகச் சிதறும். நேரமில்லாதவர் குண்டை விட்டுவிடலாம். எண்ணெயையும் ஸ்வொலோவையும் விட வேண்டாம்.

ஒவ்வொரு மருந்தும் உடலில் நச்சளவை ஏற்றும். தொடக்கத்தில் உடல் தாங்கக்கூடிய அளவு 100. ஸ்வொலோ ஒரு முறைக்கு 20 ஏற்றும். எனவே, இருக்கிற மருந்துகளையெல்லாம் ஒன்றாகக் குடித்துவிட்டுப் போகும் உத்தி சரிவராது.

4. தியானம், அதன் பின் சேமிப்பு

தியானத்தில் அமர்ந்து ஒரு மணித்தியாலம் கழித்தால் போதும். பையில் உள்ள மதுப்புட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, முடிந்துபோன மருந்துகளையும் குண்டுகளையும் விளையாட்டு முழுமையாக நிரப்பிவிடும். எத்தனை மருந்து தீர்ந்திருந்தாலும் செலவாவது ஒரு புட்டிதான். புட்டியே இல்லாவிட்டால் எதுவும் நிரம்பாது. அதனால்தான் முதலாவது படியில் விற்க வேண்டாம் என்றேன்.

கடினத்தன்மையில் நான்கு நிலைகள் உண்டு. எளிய இரண்டில் தியானம் உயிர்க்கோட்டையும் நிரப்பிவிடும். ‘பிளட் அண்ட் புரோக்கன் போன்ஸ்’, ‘டெத் மார்ச்’ ஆகிய மேல் நிலைகள் இரண்டிலும் நிரப்பாது. எளிய நிலையில் பழகிவிட்டு மேல் நிலைக்குத் தாவியவர்கள் தியானத்தை முடித்துக்கொண்டு அரை உயிரோடு சண்டைக்கு நடந்து போவது இதனாலேயே. அந்த நிலைகளில் உணவு உண்டு உயிர்க்கோட்டை நிரப்பிய பின் புறப்படுங்கள்.

இதையெல்லாம் செய்த பின், நீங்களாகவே ஒருமுறை சேமியுங்கள். சண்டை தொடங்கிவிட்டால் சேமிக்கவும் முடியாது, தியானிக்கவும் முடியாது. தியானத்துக்கு முன் சேமித்துவிட்டுத் தோற்றால், மீண்டும் வரும்போது வெற்றுப் புட்டிகளோடு நிற்பீர்கள். 2022 ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் ஆடியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஆண்டுக்குப் பிறகு ஆடத் தொடங்கியவர்களுக்கே இதை எழுதுகிறேன்.

எண்ணெயை வெள்ளி வாளில் பூசுவது கடைசி வேலை. வழியில் டிரவுனர்கள் குறுக்கிட்டால் அவற்றின் மீது விழும் அடியும் 20 இல் ஒன்றைக் கழித்துவிடும். எனவே, மிருகம் கண்ணுக்கு எட்டும் தூரம் வந்தபின் பூசுங்கள்.

5. நெருங்குதல்

மந்திரக்குறிகள் ஐந்தில் இங்கே வேண்டியவை இரண்டு: உடலைச் சுற்றிக் கவசமிடும் குவென், முன்னால் உள்ளதைத் தள்ளி வீழ்த்தும் ஆர்ட். விளையாட்டின் தொடக்கத்தில் எந்தக் குறியைப் பயன்படுத்தினாலும் ஸ்டமினா கோடு முழுவதும் காலியாகி, மெல்ல மெல்லவே நிரம்பும்.

ஆகவே, குவெனை மிருகம் உங்களைக் காண்பதற்கு முன்னரே போட்டுவிட்டுச் சில நொடிகள் நில்லுங்கள். கவசமும் மேலே இருக்கும். ஸ்டமினாவும் நிரம்பி ஆர்ட்டுக்குத் தயாராக இருக்கும். சண்டைக்குள் போனபின் குவெனைப் போடுபவருக்கு, மிருகம் தலைக்கு மேலே வரும் நேரத்தில் ஆர்ட் இல்லாமற் போகிறது.

L1 ஐ அழுத்திப் பிடித்தால் குறிகளின் வட்டம் தோன்றும். பிடித்திருக்கும்வரை நேரமும் மெதுவாக நகரும். பதற்றத்தில் இருப்பவர்கள் இந்த மெதுநேரத்தை மூச்சு விடுவதற்கும் பயன்படுத்தலாம்.

6. தரைக்கு இறக்குதல்

பறக்கும் மிருகத்தை வாளால் அடிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், அது மேலே சுற்றும்போது கீழே ஓடி ஓடி வாளை வீசுவதைத்தான் ஒவ்வொரு புதியவரும் செய்கிறார்.

செய்ய வேண்டியது, நின்று, R1 ஐ அழுத்திப் பிடித்துக் குறுக்குவில்லால் குறிபார்ப்பது. குறிபார்க்கும்போது நேரம் மெதுவாகும். உடலில் எங்கே பட்டாலும் போதும், மிருகம் நிலைகுலைந்து கீழே விழும். அம்பு உயிர்க்கோட்டில் கீறல்கூடப் போடாதது போலத் தெரியலாம். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நாம் அம்பால் வாங்குவது காயத்தை அல்ல, அது தரையில் கிடக்கும் சில நொடிகளை. சாதாரண அம்புக்குக் கணக்கில்லை என்பதால் தவறினாலும் கவலையில்லை.

மிருகம் உங்களை நோக்கித் தாழ்ந்து வரும்போது அம்பைவிட ஆர்ட் நல்லது, ஏனென்றால் குறிபார்க்க நேரமிராது. தொலைவில் என்றால் அம்பு, அருகில் என்றால் ஆர்ட் என்று வைத்துக்கொண்டால் தடுமாற மாட்டீர்கள்.

அது விழுந்ததும் ஓடிப்போய் அடியுங்கள். ஓட வேண்டிய தூரம் அதிகமானால் நீங்கள் போய்ச் சேருவதற்குள் அது எழுந்துவிடும் என்பதால், அம்பெய்யும்போதே மிகவும் விலகி நிற்கக் கூடாது. பெறாமகனின் சிநேகிதர் ஒருவர் பயத்தில் மரத்தடியில் போய் நின்றுகொண்டு பதினைந்து தடவை அதைச் சரியாக வீழ்த்தினார். ஒரு தடவைகூட வாள் படவில்லை.

7. தரையில் நிற்கும்போது ஆடும் முறை

சண்டையின் பெரும் பங்கு இங்கேதான் நடக்கிறது. தோல்வியின் பெரும் பங்கும் இங்கேதான்.

முதற்பிழை, L2 ஐ அழுத்தி வாளால் தடுக்கப் பார்ப்பது. மனிதரின் வாளைத் தடுக்கும் பழக்கத்தில் கை தானாகவே அங்கே போகிறது. பசிலிஸ்க் போன்ற பெரிய மிருகத்தின் அடியை வாள் தாங்காது. இந்தச் சண்டையில் L2 ஐ மறந்துவிடுங்கள். விலகுவது ஒன்றே வழி.

விலகுவதற்கு இரண்டு பட்டன்கள் உண்டு. வட்டப் பட்டன் ஓரடி ஒதுங்கச் செய்யும். குறுக்குப் பட்டன் உருண்டு போகச் செய்யும். பயந்தவர்கள் எப்போதும் உருளுகிறார்கள். உருண்டவர் வாளுக்கு எட்டாத தூரத்தில் போய் எழுவார். திரும்பி ஓடி வருவதற்குள் மிருகம் அடுத்த கொத்துக்கு ஆயத்தமாகிவிடும். இப்படியே உயிர் போகும்வரை உருண்டுகொண்டிருக்கலாம். கொத்துக்கும் நகத்துக்கும் ஒதுங்குங்கள். மேலிருந்து பாயும்போது மட்டும் உருளுங்கள்.

ஒதுங்கும் திசையும் முக்கியம். பின்னால் ஒதுங்கினால் கழுத்தை நீட்டி எட்டிவிடும். பக்கவாட்டில், அதன் தோளை ஒட்டி ஒதுங்கினால் கொத்து வெற்று மண்ணில் விழும். விலாப்புறம் உங்கள் முன்னால் திறந்திருக்கும். அங்கே சதுரப் பட்டனால் இரண்டு விரைவடி, கூடினால் மூன்று. நான்காவது அடிக்கு ஆசைப்படுகிறவர் அடி வாங்காமல் திரும்புவதில்லை. முக்கோணப் பட்டனின் பலத்த அடி வாளை ஓங்கி இறக்கும் வரை நேரமெடுக்கும் என்பதால், மிருகம் விழுந்து கிடக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு சுற்று எப்படிப் போக வேண்டும் என்பதை நான் பெறாமகனுக்குப் பின்னால் இருந்து வாயால் எண்ணிக் காட்டினேன். தலை பின்வாங்குகிறது, ஒதுங்கு. ஒன்று, இரண்டு, ஒதுங்கு. உடல் திரும்புகிறது, வால் வருகிறது, இன்னும் ஒதுங்கு. அவன் எண்ணிக்கையை மீறிக் கையை உயர்த்தியபோதெல்லாம் திரை சிவந்தது. ஏழாவது தடவையில் எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். அவன் உதடு தானாக எண்ணிக்கொண்டிருந்தது.

வாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் கபரகொய்யா எனப்படும் நீருடும்பைக் கம்பால் சீண்டிப் பார்த்த எவருக்கும் தெரியும், அதன் பின்பக்கம் பாதுகாப்பான பக்கம் அல்ல. வாய் எட்டாத இடத்துக்கு வால் எட்டும். பசிலிஸ்க்கும் அப்படியே. முன்னால் அலகும் நகமும், பின்னால் வாலும் இருப்பதால், நமக்கு மிஞ்சுவது விலாப்புறம் மட்டுமே. வேறு விளையாட்டுகளில் முதுகுப்பக்கம் போய்க் குத்திப் பழகியவர்கள் இங்கே அதை விட்டுவிட வேண்டும்.

R3 ஐ அழுத்தினால் கமெரா மிருகத்தோடு கட்டுண்டு நிற்கும். தரையில் ஆடும்போது இது உதவும். அது மேலே எழுந்ததும் கமெராவும் வானத்தை நோக்கும். காலடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. பள்ளமான இடத்தில் ஆடினால் அப்போது R3 ஐ மீண்டும் அழுத்தி விடுவித்துக்கொள்ளுங்கள்.

8. நஞ்சு ஏறினால்

உயிர்க்கோடு அடி விழாமலே இறங்கத் தொடங்கினால் நஞ்சு ஏறியிருக்கிறது. கோல்டன் ஓரியோலை அப்போதே குடியுங்கள். அதன் பலன் குறுகிய நேரமே நிற்பதால், சண்டை தொடங்கும் முன்னரே குடித்துவிட்டுப் போவது பெரும்பாலும் வீண். நஞ்சு வருவதற்குள் மருந்து ஓய்ந்துவிடும்.

நஞ்சு ஏறிய நிலையில் ஸ்வொலோவை மட்டும் குடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது. முதலில் ஓரியோல், பிறகு ஸ்வொலோ. இரண்டையும் மருந்துக்குரிய இடங்களில் முன்கூட்டியே வைத்திருந்தால், சண்டை நடுவே பையைத் துழாவ நேராது.

9. விழுந்த பின்

உடலிலிருந்து எடுக்கக் கூடியதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவித்தற்பலகையில் பார்த்து ஏற்ற ஒப்பந்தம் என்றால், வெற்றிச்சின்னமாக ஒரு பாகம் கிடைக்கும். அதைக் குதிரையில் மாட்டிக்கொள்ளலாம். ஒப்பந்தம் தந்தவரிடம் திரும்பிப் போனால்தான் கூலி. கூலியைப் பேசுவது வேட்டைக்கு முன்னரே நடந்திருக்க வேண்டியது; அளவுக்கு மீறிக் கேட்டால் அவருடைய எரிச்சல் கோடு நிரம்பிப் பேச்சு முறிந்துவிடும் என்பதால், சிறிது சிறிதாக ஏற்றிக் கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் ஒருமுறை தியானித்து, வாளையும் கொல்லரிடம் திருத்திக்கொள்ளுங்கள். பெறாமகன் முதல் வெற்றியின் துள்ளலில் இரண்டையும் செய்யாமல், தேய்ந்த வாளோடும் காலியான புட்டிகளோடும் அடுத்த குன்றில் இருந்த ஃபோர்க்டெயிலிடம் நேராகப் போனான். கொன்ட்ரோலரை மற்றவரிடம் கொடுக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.